ஆற்றங்கரை வெந்நீர் ஊற்று

மார்கழித் திங்களின் வைகறைப் பொழுது குளிர் மிகுந்தது. கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியாகிய தா.பழூர் வட்டாரத்தில் அப்போது வயல்வெளி எங்கும் பனி மூடிக் கிடக்கும். அந்நேரத்தில் உழவர் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரை இயக்கினால், குழாய் வாயிலிருந்து விழும் நீரின்மேல் மெல்லிய ஆவி எழுவதைக் காணலாம். கை விறைக்க வயலுக்கு வந்தவர் அந்நீரில் கை நனைத்தவுடன் இதமான வெம்மையை உணர்வர். ஆற்று நீரோ அவ்வேளையில் சில்லென்றிருக்கும். ஒரே ஊரில், ஒரே வேளையில், ஒரு நீர் குளிர்ந்தும் மற்றொரு நீர் வெதுவெதுப்பாகவும் இருப்பது எதனால்?

நிலத்தின் மேற்பரப்பு பகலில் சூடேறி இரவில் குளிர்கிறது. கோடையில் காய்ந்து பனிக்காலத்தில் ஆறுகிறது. ஆனால் இம்மாற்றங்கள் எல்லாம் சில மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். அதற்கும் கீழே உள்ள மண்ணும் பாறையும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. இன்னும் ஆழமாகச் செல்லச் செல்ல வெப்பம் சிறிது சிறிதாக ஏறுகிறது. பொதுவாக, 30 மீட்டர் ஆழத்திற்கு 1 டிகிரி அளவில் அது மிகும் என்பர். ஆகவே 150 மீட்டர் ஆழமுள்ள கிணற்றின் நீர், மேலுள்ள மண்ணைவிட ஏறத்தாழ 5 டிகிரி மிகுந்த வெம்மையுடன் இருத்தல் இயல்பே. குளிர்ந்த காலையில் அவ்வேறுபாடு நன்கு புலப்படுகிறது.

இக்கணக்கை மேலும் நீட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்குச் சென்ற நீர், கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறிவிடும். அந்நீர் வழியில் ஆறிப்போகாமல் விரைந்து மேலே வருமாயின், கொதிக்கக் கொதிக்க நிலத்தைப் பிளந்துகொண்டு வெளிப்படும். மனிதர் தோண்டாமல், எந்திரம் இறைக்காமல், இயற்கையாகவே அவ்வாறு பொங்கி வருவதைத்தான் வெந்நீர் ஊற்று என்கிறோம்.

அங்ஙனமாயின் அரியலூர்ச் சீமையில் அத்தகைய ஊற்றுகள் ஏன் தோன்றவில்லை? வெந்நீர் ஊற்று உண்டாவதற்கு நீர், வெப்பம், வழி என்னும் மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். இங்கே நிலத்தடியில் நீர் உண்டு. ஆழத்தில் வெப்பமும் உண்டு. நீருக்கு அழுத்தமும் இல்லாமற் போகவில்லை. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தமுற்ற நிலத்தடி நீர் இருக்கிறது. அதனை இடையறாது இறைத்து வெளியேற்றினால்தான் அங்கே சுரங்கம் தோண்ட இயலும். ஆனால் ஆழத்து வெந்நீர் நேரே மேலே ஏறி வருவதற்குரிய பெரும்பிளவுகள் இப்பகுதியில் இல்லை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதியில் கடல் பரவியிருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பும் களியும் மணலும் இன்றும் அடுக்கடுக்காக, பெரிதும் குலையாமல் கிடக்கின்றன. கடல்வாழ் உயிர்களின் சிப்பிகள் கல்லாகி இன்றும் அங்குக் கிடைப்பது இதற்குச் சான்றாகும். நெடுங்காலமாக அமைதியுற்று உறங்கும் நிலம் இது.

இமயமலையோ அத்தகையதன்று. இந்திய நிலப்பகுதி வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியப் பெருநிலத்தோடு மோதியதால், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் எழத் தொடங்கிய மலை அது. அம்மோதல் இன்னும் ஓயவில்லை. அதனால் இமயத்தின் பாறைகள் வளைந்தும் முறிந்தும் பிளந்தும் காணப்படுகின்றன. அங்கே எரிமலைகள் எரிந்துகொண்டிருக்கவில்லை. ஆயினும் ஆழத்துப் பாறைகளில் வெப்பம் மிகுதியாக இருக்கிறது. மலைச்சரிவில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பிளவுகளின் வழியே கீழிறங்கி, ஆழத்தில் சூடேறி, வேறொரு பிளவின் வழியே மேலே வருகின்றன.

அவ்வாறு மேலே வரும் நீர் பெரும்பாலும் ஆற்றங்கரையில் வெளிப்படுவதற்கும் காரணம் உண்டு. மலைநாட்டில் ஆறு ஓடும் பள்ளத்தாக்கே தாழ்ந்த இடம். உயர்ந்த சரிவுகளிலிருந்து இறங்கிய நீரின் அழுத்தம் தணிவதற்கு அத்தாழ்ந்த இடமே எளிய வாயிலாகிறது. மேலும், பாறை எங்கே முறிந்து வலுவிழந்திருக்கிறதோ அங்கேதான் ஆறும் எளிதில் அறுத்துக்கொண்டு செல்லும். ஆகவே ஆறும் ஊற்றும் அடுத்தடுத்து அமைகின்றன. பனி உருகிய தண்ணீர் ஒருபுறமும் பாறையில் காய்ந்த வெந்நீர் மறுபுறமுமாக, ஒரு முழ இடைவெளியில் இரண்டும் காணப்படும் வியப்பு இதனால் நிகழ்கிறது.

நம் நாட்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அவற்றைப் பட்டியலிட்டவர் தாமஸ் ஓல்டாம் என்னும் அறிஞர். 1851-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர் அவர். அவருடைய பட்டியலை அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகன் ரிச்சர்டு ஓல்டாம் செப்பஞ்செய்து 1882-இல் வெளியிட்டார். நிலநடுக்க அலைகளை ஆராய்ந்து, பூமியின் நடுவே கருவம் ஒன்று இருப்பதை 1906-இல் எடுத்துக்காட்டிய அறிஞரும் அம்மகனே. தந்தை ஓல்டாம் தலைமை தாங்கிய காலத்தில்தான் ஹென்றி பிளான்போர்டு என்பவர் அரியலூர்ப் பகுதிக்கு வந்து அதன் கடற்படிவுப் பாறைகளை ஆராய்ந்தார். அரியலூரின் கல்லான சிப்பிகளையும் இமயத்தின் வெந்நீர் ஊற்றுகளையும் ஆராய்ந்தது ஒரே துறை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தா.பழூருக்கு அருகில் உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். வடநாட்டு ஆற்றின் நீரைக் கொணர்வித்த இராசேந்திர சோழன் அமைத்த தலைநகர் அது. அந்நிலத்திலிருந்து வடநாட்டு ஆற்றங்கரை ஊற்று ஒன்றைக் காணச் செல்லும் பயணி, அரியலூரில் இரயிலேறிச் சென்னையையும் தில்லியையும் கடந்து சண்டிகருக்குச் செல்வார். அங்கிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. மண்டி நகரைக் கடந்தபின் பியாஸ் ஆற்றின் ஓரமாகவே பாதை வளைந்து வளைந்து ஏறும். புந்தர் என்னும் ஊரில் பார்வதி ஆறு பியாசுடன் கலக்கிறது. அவ்விடத்தில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பார்வதியின் கரை வழியே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மணிகரண் என்னும் ஊரை அடையலாம்.

மணிகரண், இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ளது. இருபுறமும் மலைகள் சுவரென நிற்கின்றன. தேவதாரு மரங்கள் சரிவெங்கும் அடர்ந்துள்ளன. இடையே பார்வதி ஆறு பேரோசையுடன் பாறைகளில் மோதி நுரைத்து ஓடுகிறது. அதன் நீர் பனியிலிருந்து பிறந்தது. கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அந்த ஆற்றின் கரையிலேயே, பாறை இடுக்குகளிலிருந்து வெந்நீர் குமிழியிட்டுப் பொங்குகிறது. ஊரை நெருங்கும்போதே வெண்ணிற ஆவி மேகம்போல் எழுந்து ஆற்றின்மேல் தவழ்வது தெரியும். குளிர்காலத்தில் அக்காட்சி மேலும் சிறக்கும்.

அந்நீரின் வெம்மை எத்தகையது? கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது மாணவர் அறிந்ததே. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், கொதிநிலையும் குறையும். மணிகரணின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்குள்ள ஊற்றுகளிற் சில அந்நிலையை ஒட்டிய வெம்மையோடு வெளிவருகின்றன. ஆகவே அவற்றைக் கொதிநீர் ஊற்றுகள் என்றே கூறுதல் தகும். சில நாட்டு வெந்நீர் ஊற்றுகளில் கந்தக நெடி மிகுந்து வீசும். மணிகரண் நீரில் அந்நெடி இல்லை. எனவே அது சமையலுக்கும் பயன்படுகிறது.

இவ்வூரின் பெயருக்குக் காரணமாக ஒரு கதை வழங்குகிறது. பார்வதி தேவியின் காதணியிலிருந்த மணி இங்கே நீரில் வீழ்ந்து பாதாளத்தை அடைந்தது என்றும், ஆதிசேடன் சீறியபோது மணிகள் பல நீருடன் மேலே பொங்கி வந்தன என்றும் கூறுவர். 1905-ஆம் ஆண்டு காங்கடா நிலநடுக்கம் நேரும் வரையில் இவ்வூற்று கற்களை மேலே வீசியெறிந்ததாகவும் ஊரார் சொல்வதுண்டு. குரு நானக் இவ்வூருக்கு வந்தார் என்பது சீக்கியர் மரபு. இன்று இந்துக்களின் கோவில்களும் சீக்கியரின் குருத்துவாராவும் அடுத்தடுத்து அமைந்து, இரு சமயத்தாரும் ஒருங்கே கூடும் இடமாக மணிகரண் விளங்குகிறது.

குருத்துவாராவில் வருவோர் அனைவருக்கும் வேறுபாடின்றி உணவு வழங்கப்படுகிறது. அவ்வுணவின் ஒரு பகுதி அடுப்பின்றியே சமைக்கப்படுகிறது. அரிசியைத் துணிப்பையில் முடிந்து, கயிற்றில் கட்டி, கொதிநீரில் இறக்குகின்றனர். பருப்பை நீருடன் பெரிய பாத்திரத்திலிட்டு மூடி, ஊற்றுத் தொட்டியில் வைத்துவிடுகின்றனர். சிறிது நேரத்தில் இரண்டும் வெந்துவிடுகின்றன. இதில் வியப்பு மட்டும் அன்று, பெரும்பயனும் உண்டு. மலைநாட்டில் விறகு வேண்டுமாயின் மரத்தை வெட்டவேண்டும். மரம் குறைந்தால் சரிவின் மண் தளரும். மண் தளர்ந்தால் பெருமழையில் மலையே சரிந்து ஊரின்மேல் விழும். ஆகவே ஊற்றில் வேகும் ஒவ்வொரு பானைச் சோறும் ஒரு கட்டு விறகைக் காக்கிறது. விறகைக் காப்பது மலையைக் காப்பதாகும்.

இவ்வெப்பத்தை வேறு வகையிலும் பயன்படுத்தலாமா என ஆராய்வதற்கு இந்திய அரசு 1966-ஆம் ஆண்டில் வெந்நீர் ஊற்றுக் குழு ஒன்றை அமைத்தது. அதன்பின் 1970-களில் மணிகரணிலும், லடாக்கிலுள்ள பூகா என்னும் இடத்திலும் ஆழ்துளைகள் இட்டு ஆராய்ந்தனர். மணிகரணில் வெந்நீரின் வெப்பத்தைக் கொண்டே இயங்கும் சிறிய குளிர்பதனக் கிடங்கு ஒன்று சோதனையாக அமைக்கப்பட்டது. வெந்நீரால் குளிர்ச்சியை உண்டாக்குவது எங்ஙனம் என்று ஐயுறலாம். ஒரு பொருள் ஆவியாகும்போது சூழ உள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும், மட்பானையில் நீர் குளிர்வதும் இதனாலேயே. அம்மோனியா என்னும் பொருள் இவ்வாறு ஆவியாகிக் கிடங்கைக் குளிர்விக்கிறது. பின்னர் அந்த ஆவியை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அந்நீரிலிருந்து அம்மோனியாவை மீண்டும் பிரித்தெடுப்பதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை ஊற்று தருகிறது. கனிகள் மிகுதியாக விளையும் குல்லுப் பள்ளத்தாக்கில் இத்தகைய முயற்சியின் பயனைச் சொல்லவேண்டுவதில்லை.

மணிகரணோடு பயணம் முடிவதில்லை. ஆற்றின் மேற்பகுதியில், வண்டிகள் செல்லும் பாதை பர்சைனி என்னும் சிற்றூருடன் நின்றுவிடும். அப்பால் ஒற்றையடிப் பாதைதான். காட்டிடையே, சிற்றோடைகளைக் கடந்து, ஏறத்தாழ ஒரு பகற்பொழுதின் பாதியை ஏற்றத்திலேயே கழித்தால், கீர்கங்கா என்னும் புல்வெளியை அடையலாம். அது 2,900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கேயும் ஒரு வெந்நீர் ஊற்றும் நீராடும் தொட்டியும் உள்ளன. கீர் என்பது பாலமுதைக் குறிக்கும் சொல். தமிழர் முருகன் என்று போற்றும் கார்த்திகேயன் இவ்விடத்தில் தவம் புரிந்தான் என்று மலைவாழ் மக்கள் கூறுவர். குன்றுதோறும் முருகனைக் கண்ட தமிழர்க்கு இச்செய்தி உவகை தருவதாகும். சூழ்ந்த மலைமுகடுகளில் பனி படிந்திருக்க, உடலை நடுக்கும் குளிர்காற்று வீச, கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்திருப்போர் வழிநடை வருத்தத்தை மறப்பர்.

ஆனால் இன்பம் தரும் நீரே துன்பமும் தரவல்லது. கொதிநீர் ஊற்றில் தவறி விழுந்தவர் உயிர் பிழைப்பது அரிது. ஊற்றைச் சூழ்ந்த கல்லும் வெறுங்காலைச் சுடும், ஈரப்பாறை வழுக்கும். தண்ணீர் கலந்து வெம்மை தணிக்கப்பட்ட தொட்டியிலேயே நீராடுதல் வேண்டும். அங்கும் நெடுநேரம் இருத்தல் தகாது. நெஞ்சு நோயுடையார் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. தொட்டியின் வெம்மையிலிருந்து தப்ப எண்ணிப் பார்வதி ஆற்றில் கால் வைப்பதும் பேதைமை. அதன் வேகம் நீந்தவல்லாரையும் இழுத்துச் சென்றுவிடும். மழைக்காலத்தில் மலையும் நம்பத்தக்கதன்று. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலைச்சரிவிலிருந்து பெரும்பாறைகள் உருண்டு மணிகரண் குருத்துவாராவின்மீது விழுந்ததில் உயிர்கள் பல மாண்டன. ஊற்றைத் தந்த அதே பிளவுகளே பாறையைத் தளர்த்தி வீழ்த்துகின்றன என்பதை மறத்தலாகாது.

மனிதருக்கு ஊற்றால் நேரும் தீங்கு இது. ஊற்றுக்கு மனிதரால் நேரும் முடிவும் உண்டு. அதனைச் சத்லெஜ் ஆற்றங்கரையிலுள்ள தத்தாபானி உணர்த்துகிறது. தத்தாபானி என்பதற்கு வெந்நீர் என்பதே பொருள். சிம்லாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்தில், ஆற்றங்கரை மணலிலேயே வெந்நீர் சுரந்துகொண்டிருந்தது. நாம் பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தி நாளில் மலைமக்கள் திரண்டு வந்து அங்கே நீராடுவர்; அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிச்சடி சமைத்து வழங்குவர். தென்கோடியில் பொங்கற்பானை பொங்கும் அதே நாளில் அங்கே கிச்சடிப்பானை கொதிக்கும்.

அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் கோல் அணை கட்டப்பட்டது. 800 மெகாவாட் மின்னாற்றல் தரும் அவ்வணை 2015-ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. அணையில் நீர் தேங்கியபோது, கரையோர ஊற்றுகள் நீருள் மூழ்கின. அருவியாய் ஓடிய ஆறு ஏரியாய் விரிந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் நீராடிய இடம் கண்ணுக்கு மறைந்தது. பின்னர் நிலவியல் அறிஞர்கள் இடம் ஆய்ந்து துளையிட்டு, ஆழத்து வெந்நீரைக் கரையின் மேற்பகுதிக்குக் கொணர்ந்தனர். நீராடுவதற்குப் புதிய தொட்டிகளும் அமைந்தன. சங்கராந்தி விழா நின்றுவிடவில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று கூறுவார் யாரும் இலர். தா.பழூர் வயலில் மோட்டார் இயங்குவதும், மாணவர் இரவில் விளக்கொளியில் படிப்பதும் மின்சாரத்தால் அன்றோ? ஆயினும் ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழக்கிறோம் என்பதை அறிந்து செய்தல் அறிவுடைமை. மணலில் தானே சுரந்த ஊற்று வேறு. குழாயின் வழியே ஏறிவரும் வெந்நீர் வேறு. பின்னது கிடைத்தது நற்பேறே. ஆனால் அதுவும் கிடைத்ததற்குக் காரணம், பூமியின் அடியில் நீர் செல்லும் வழியைப் பொறுமையுடன் ஆராய்ந்து வைத்த அறிஞர்களின் உழைப்பாகும். அறிந்ததைக் காக்கலாம். அறியாததை இழந்தபோது இழந்தோம் என்பதும் தெரியாது.

மலைமேல் விழுந்த ஒரு மழைத்துளி, பாறையின் பிளவில் இறங்கி, ஆழத்தில் காய்ந்து, வெந்நீராய் மேலே வந்து ஒருவர் கையை நனைப்பதற்கு நெடுங்காலம் ஆகிறது. அவ்வழியை அடைப்பதற்கோ, அந்நீரில் அழுக்கைக் கலப்பதற்கோ ஒரு நாள் போதும். இவ்வுண்மை இமயத்து ஊற்றுக்கு மட்டும் உரியதன்று. கொள்ளிடத்தின் மணலும், தா.பழூர் வயலடி நீரும் அவ்வாறே மெல்ல மெல்லச் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் இருப்பதனால் ஒரு செல்வம் அளவற்றது ஆகிவிடாது. அதன் வரவறிந்து செலவு செய்யும் ஊரே நெடுநாள் வாழும்.